பற்சக்கரம்

பல் செய்வது என் பிழைப்பு.
தார்னூஃப் நகரில் வாய்விட்டுச் சிரிப்பவர்களில்
நாற்பது பேருக்காவது
முன்பல் என் உலையில் வெந்தது.

அக்டோபரில் இதை வாங்கினேன்,
ஒரு கோழிப்பண்ணையின் புறக்கடையில்.
இருக்கையைத் துளைத்துக்கொண்டு
ஆளுயரம் நின்றது ஒரு காட்டுச்செடி.
விற்ற பொகுமில் எடைக்குத்தான் விலை சொன்னார்.
இழுத்துவந்த கூலி அதைவிட அதிகம்.

பதினாறு குதிரைசக்தி. ஒற்றைக் கட்டில் அகலம்.
ஜப்பானில் உழுது களைத்துக் கப்பலேறி வந்ததாம்.
தகட்டில் உள்ள எழுத்து எனக்குப் பிடிபடவில்லை.
ஆனால் கியர்க் கம்பின் ஓரத்தில்
ஒரு முயல், ஓர் ஆமை.
அது போதும்.

குடியிருப்பின் தகரக் கொட்டகை வரிசையில் என்னுடையது பதினொன்று.
பன்னிரண்டில் ஸெனோன்,
அவருடைய வெள்ளரி ஊறுகாய்ப் பாட்டில்கள்,
ஓடாத மோட்டார் சைக்கிள்.
"உழ நிலம் இருக்கிறதா வியெஸ்வாவா?" என்றார்.
இருக்கிறது என்றேன்.
பொதுத்தோட்டத்தில் என் பங்கு:
நாலு வரிசை பீட்ரூட், ஓர் ஊஞ்சல்.
இந்த வண்டி அங்கே திரும்ப வேண்டுமென்றால்
பக்கத்துக்காரரின் தக்காளி சம்மதிக்க வேண்டும்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
டீசலும் எண்ணெயும் கலந்து மேலே ஊற்றிவிட்டு
தினமும் வேலை முடிந்து வந்து
ஃப்ளைவீலில் கம்பியை மாட்டித் தொங்குவேன்.
பதினெட்டு நாள் ஒன்றுமில்லை.
பத்தொன்பதாம் நாள் ஒரு மயிரிழை.
யாரிடமும் சொல்லவில்லை.
வீட்டுக்குப் போய் சூப்பைச் சூடாக்கிக் குடித்தேன்.

காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு;
அதில் கேரட் விதைப் பொட்டலத்தின் கிழிசல்.
கியர் பெட்டியிலிருந்து வழிந்தது எண்ணெய் அல்ல,
பால் கூடிப்போன தேநீர்.
நாசிலின் துளையை நோண்டிய ஊசியை
டாக்டர் இக்னாட்சி
இன்னமும் க்ளினிக்கில் தேடிக்கொண்டிருக்கிறார்.

பின் அச்சைத் திறந்தால்
உள்ளே பற்கள்.
எண்ணினேன், முப்பத்தேழு.
ஒன்றுக்கு மட்டும் விளிம்பு லேசாகப் பெயர்ந்திருந்தது.
நம் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.
துடைத்து, பேரிங் மாற்றி, மறுபடி பூட்டியதும்
கடி பார்க்கும் நீலத்தாளை இடையில் கொடுத்துச் சுழற்றினேன்.
ஒவ்வொரு பல்லிலும் ஒரே அளவு நீலம்.
கச்சிதமான கடி.

பிப்ரவரி, சனிக்கிழமை. சாவி.
இருமல். வெள்ளைப் புகை. இன்னும் புகை.
பிறகு
தகரச் சுவர் நடுங்க,
பன்னிரண்டாம் எண்ணில்
பாட்டில்கள் பல்லைக் கடித்தன.
ஸெனோன் தீயணைப்பானோடு ஓடிவந்தார்.
ஓடுகிறது என்று கத்தினேன்.
எது என்று கத்தினார்.

ஆமையில் வைத்தேன், முதல் கியர்,
கிளட்ச்சை விட்டேன்.
கதவு முன்னால் இருக்க
வண்டி பின்சுவரைப் பார்த்துக் கிளம்பியது.
பெயின்ட் அலமாரி போயிற்று.
ரிவர்ஸ் போட்டேன்;
சாதுவாக வெளியே நடந்து பனியில் நின்றது.

கச்சிதமான கடிதான்,
தாடையின் மறுபக்கத்தில்.
பெரிய பற்சக்கரத்தை இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.
இருபது வருஷம் பல் செய்தவள்.

ஸெனோன் தீயணைப்பானைக் கீழே வைத்தார்.
"எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டுமா?"
சக்கரம், அச்சு, இருபத்திரண்டு போல்ட்,
நேற்றுதான் போட்ட புது சீல்.
வருத்தமான முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
வைத்துக்கொண்டேன்.
உள்ளுக்குள், மார்ச் முழுசாக மிச்சமிருக்கிறது
என்று ஒரு கணக்கு ஓடியது.

கழற்றும் முன் ஒரே ஒரு சுற்று என்றேன்.
அவர் மட்கார்டில் ஏறிக்கொண்டார்.
முயலில் போட்டேன்.
பதினொன்று, பத்து, ஒன்பது என்று
கொட்டகைகளின் எண் குறைந்துகொண்டே வர,
கழுத்தைத் திருப்பியபடி நான்,
எதிரே நாய் வருகிறது, லாரி வருகிறது என்று
கூவிக்கொண்டே அவர்,
எங்கள் முகத்துக்கு முன்னால்
நாங்கள் வந்த தடம்
பனியில் நீண்டுகொண்டே போனது.